அது கறுப்புச் சதுரம் இல்லை, வளை இருந்த பொந்து

நீளமான பதிவு. எங்கட தெருவைப் பற்றியது என்பதால் ஆறுதலாக இருக்கும்போது கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் வாசித்து முடித்த பிறகு வரட்டும்.

போன மாதம் எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. யாரோ முகநூலில் போட்டதை யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். படம் முழுக்க நீலம். அந்த நீலத்துக்கு மேல் வெள்ளைப் பொருக்கு வெடித்து, உரிந்து, ஓரம் சுருண்டு, தீவு தீவாக நிற்கிறது. இடது மூலையில் ஆழமான ஒரு கறுப்புச் சதுரம். எந்தச் சுவர், எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு சொல் இல்லை. 'அரூபம்' என்று மட்டும் தலைப்பு. கீழே நூற்றுக்கணக்கில் லைக். "கடலை வானத்தில் இருந்து பார்த்த மாதிரி" என்று ஒருவர். "இது படமா ஓவியமா" என்று இன்னொருவர். 1915 இல் ரஷ்யாவில் மலேவிச் வரைந்த 'கறுப்புச் சதுரம்' ஞாபகம் வருகுதாம் என்று ஒரு படித்தவர்.

பொய் சொல்லக்கூடாது. நாங்களும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வடிவாகத்தான் இருந்தது.

பிறகு குழுவில் ஒரு ராத்தா எழுதினா: "இது எங்கட வீட்டு நடு அறைச் சுவர்."

எப்படித் தெரியும் என்று கேட்டோம். அந்தச் சதுரத்துக்குக் கீழே ஒரு துருப்பிடித்த ஆணி, தலை வலப்பக்கம் வளைந்தபடி இருக்கிறதாம். நாங்கள் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். இருந்தது. "வாப்பா கலண்டர் கொளுவின ஆணி. நேராக அடிக்கத் தெரியாது என்று உம்மா ஒவ்வொரு வருஷமும் பேசுவா." கறுப்புச் சதுரம் என்ன என்றும் அவவே சொன்னா. அது கூரை வளை செருகியிருந்த பொந்து. வளையை உருவி எடுத்துப் போய்விட்டார்கள். பொந்து மட்டும் மிச்சம்.

எங்களில் ஒருவர் அந்தப் பக்கத்துக்குப் போய் மரியாதையாகத்தான் கேட்டார்: இந்த வீடு யாருடையது என்று ஒரு வரி போட முடியுமா? வந்த பதில்: "படத்தைப் படமாகப் பாருங்கள். கலைக்கு முகவரி தேவையில்லை."

இந்தப் பதிவு அந்தப் பதிலுக்கான பதில். அவருக்கு மட்டும் இல்லை, எங்கட ஆட்கள் சிலருக்கும் சேர்த்து. அவர்களிடம் பிறகு வருகிறோம்.

முதலில் அந்தச் சுவர்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் எங்கட ஆட்களுக்குக் கட்டளையிட்டார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கு முழுவதிலும் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். நகையும் காசும் உறுதியும் வாசலிலேயே பறிபோனவை. சோனகத் தெருவில் பூட்டிவிட்டு வந்த வீடுகளின் கதவு, யன்னல், ஓடு, வளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. சுவரைக் கழற்ற முடியாது என்பதால் சுவர் மட்டும் நின்றது. இதை எழுதுகிற எங்களில் கனபேர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்து, சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்று பாடசாலைப் பதிவில் எழுதி, அந்த ஊரை முதல் முதலாக வளர்ந்த பிறகு பார்த்தவர்கள். எங்களுக்கு அந்த வீடுகள் கதையாகத்தான் வந்தன. சுவரைப் பிறகுதான் தொட்டோம்.

இப்போது அந்தப் படத்தில் அழகு என்று நீங்கள் லைக் போட்ட நீலம் என்ன என்று பாருங்கள். அந்தக் காலத்தில் எங்கட வீடுகளுக்குச் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். வெள்ளை மங்கலாகத் தெரியக்கூடாது என்று உடுப்புக்குப் போடும் நீலத்தை அதற்குள் கரைப்பார்கள். கை கூடினால் சுவர் நீலமாகிவிடும். அடிப்பது எப்போது? நோன்பு முடியப்போகும் நாட்களில், பெருநாளைக்கு முன்னால். வருஷத்துக்கு ஒரு பூச்சு. நீறின சுண்ணாம்பு காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டை உறிஞ்சித் திரும்பவும் கல்லாகிறது என்று விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்கட சக ஆசிரியர் சொன்னார். அப்படியென்றால் ஒவ்வொரு பெருநாளும் அந்தச் சுவரில் கடதாசி கனத்தில் ஒரு கல் தட்டாகப் படிந்திருக்கிறது. படத்தில் உரிந்து நிற்கும் ஓரங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு தட்டு தெரியும். அது ஐந்தாறு பெருநாள். ஆக மேலே இருப்பது 1990 ஏப்ரலில் வந்த நோன்புப் பெருநாளுக்கு அடித்தது. அதற்கு மேல் பூச்சு இல்லை. அடிக்க ஆள் இல்லை.

இதுதான் எங்கள் கேள்வி. இவ்வளவும் அந்தச் சுவரில் இருக்கிறது. கமெராக்காரர் அதற்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருக்கிறார். எங்களைவிடக் கிட்டப் போயிருக்கிறார். அவ்வளவு கிட்டப் போன ஒருவருக்கு இது ஏன் தெரியவில்லை?

தெரியவில்லை, ஏனென்றால் அவர் கேட்கவில்லை. பக்கத்து வளவில் ஆள் இருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். தேத்தண்ணியும் கொடுத்திருப்பார்கள்.

*

இனி, "கலைக்கு முகவரி தேவையில்லை" என்ற கதையைப் பார்ப்போம். இதைச் சொல்கிறவர்கள் பெரிய பெயர்களைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். நாங்களும் கூப்பிடுகிறோம்.

அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930 இல் ஒரு கறிமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து மிகக் கிட்டத்தில் படம் எடுத்தார். முறுக்கின உடம்பு மாதிரி இருக்கும். அதற்கு முன்னர் 1925 இல் மெக்சிக்கோவில் அவர் தன் வீட்டு மலசலகூடக் கிண்ணத்தையே படம் பிடித்தவர். அதுவும் பளிங்குச் சிலை மாதிரி இருக்கும். நல்ல வேலை. யாரும் குறை சொல்ல முடியாது. மிளகாய் யாருடையது என்று நாங்கள் கேட்க மாட்டோம். மிளகாயில் இருந்து யாரையும் விரட்டவில்லை.

சுவர் அப்படி இல்லை.

ஆரன் சிஸ்கின்ட் என்று இன்னொரு அமெரிக்கர். 1930களில் நியூயோர்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் படம் பிடித்த குழுவில் இருந்தவர். 1940களில் அதைவிட்டு உரிந்த வர்ணம், கிழிந்த சுவரொட்டி, வெடித்த சுவர் என்று கிட்டப் போனார். அவருடைய பழைய தோழர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆட்களை விட்டுவிட்டுச் சுவருக்குப் போய்விட்டார் என்று மனம் கசந்தார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணத்துச் சுவர்களை எடுத்துப் போடும் படங்கள் தெரிந்தோ தெரியாமலோ அவருடைய வழியில் வந்தவைதான். ஆனால் சிஸ்கின்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆட்களைப் படம் பிடிப்பது எப்படி என்று பல வருடம் பழகிய பிறகுதான் அவர் சுவருக்குப் போனார். எங்கட ஊருக்கு வருகிறவர்கள் நேரே சுவரில்தான் வந்து இறங்குகிறார்கள்.

இந்தச் சண்டை ஜெர்மனியில் இன்னும் முன்னாலேயே நடந்தது. 1928 இல் அங்கே இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று கார்ல் புளொஸ்ஃபெல்ட் என்பவருடையது. அவர் எங்களைப் போல ஒரு ஆசிரியர். பெர்லினில் ஒரு கலைப் பள்ளியில் மாணவருக்குச் செடியின் அமைப்பைக் காட்டுவதற்காகத் தானே செய்த கமெராவில் தண்டு, மொட்டு, சுருள் இலை என்று ஏறத்தாழ 30 வருடம் கிட்டப் படம் எடுத்தார். வகுப்புக்கு எடுத்த படங்கள் 63 வயதில் புத்தகமாகி அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. மற்றது அல்பர்ட் ரெங்கர்-பாட்ஷ் உடையது. இயந்திரம், பாத்திரம், தொழிற்சாலை, இலை எல்லாவற்றையும் துல்லியமாக எடுத்தவர். 'பொருட்கள்' என்று அவர் வைக்க நினைத்த பெயரைப் பதிப்பகம் 'உலகம் அழகானது' என்று மாற்றியது.

வால்ட்டர் பெஞ்சமின் என்ற விமர்சகர் புளொஸ்ஃபெல்டின் புத்தகத்தை மனமார வரவேற்றார். 'உலகம் அழகானது' என்ற போக்கை 1931 இல் எழுதிய கட்டுரையில் கடுமையாகத் தாக்கினார். அவர் சொன்னதன் சாரம் இது: இந்த வகைப் படம் ஒரு தகரப் பேணியைக்கூடப் பிரபஞ்சத்தின் நடுவில் வைத்துக் காட்டும், ஆனால் அந்தப் பேணிக்கும் மனிதருக்கும் உள்ள தொடர்பில் ஒன்றைக்கூடப் பிடிக்காது. தொழிற்சாலையைப் படம் எடுத்தால் அங்கே வேலை செய்கிறவனின் பாடு தெரியாது என்று பிரெக்ட் சொன்னதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

ஒரே ஆள்தான். கிட்டப் போன ஒருவரை வரவேற்றார், கிட்டப் போன மற்றவரை எதிர்த்தார். ஆகவே கிட்டப் போவது குற்றமே இல்லை. புளொஸ்ஃபெல்டின் படத்தைப் பார்த்தால் செடியைப் பற்றிப் பார்க்காத ஒன்று புதிதாகத் தெரிகிறது. 'அரூபம்' என்ற அந்தப் படத்தைப் பார்த்தால் வீட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதும் மறைந்துவிடுகிறது. கிட்டப் போய் ஒன்றைக் கண்டுபிடித்தீர்களா, ஒளித்தீர்களா என்பதுதான் கேள்வி.

இது எங்கட தெருவுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பிப் போன எங்கள் தமிழ்ச் சகோதரர்களின் வீடுகளைப் பாருங்கள். மயிலிட்டி, பலாலிப் பக்கம் காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தவர்களுக்குச் சுவரைப் பிளந்து ஆலமரமும் அரசமரமும்தான் காத்திருந்தன. வேர் சுவரைக் கட்டிப்பிடித்திருக்கும் படங்கள் எத்தனை வந்தன. எல்லாம் வடிவு. எத்தனை படத்தில் வீட்டுக்காரரின் பெயர் இருந்தது? அவர்களுக்கும் எங்களுக்கும் நடந்தது ஒன்று இல்லை, செய்தவர்களும் ஒருவர் இல்லை. ஆனால் எங்கள் இரண்டு பேருடைய சுவரையும் ஒரே மாதிரித்தான் படம் பிடிக்கிறார்கள், ஒரே மாதிரித்தான் பெயரை விடுகிறார்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தில் கலை படிப்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் போய், விட்டுவந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து கீறித் தரச்சொல்லிக் கேட்டார். பேனை பிடித்துப் பழகாத கைகள் கீறிய கோணல் கோடுகள். அதே வீட்டின் அளவான வரைபடம், அதற்கு அவர் வரைந்த ஓவியம், வீட்டுக்காரர் சொன்ன கதை எல்லாம் சேர்ந்து 2011 இல் 'த இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற புத்தகமாக வந்தது. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. உறுதி தொலைத்தவர்களுக்கு ஒரு ஓவியர் செய்த பதிவேடு அது. அந்த ஓவியங்கள் அரூபம் இல்லையா? சில பக்கங்களில் வெறும் கோடும் நிறமும்தான். ஆனால் ஆளை அழிக்கவில்லை. அழகுக்கும் குறைச்சல் இல்லை. முகவரி வைத்தால் கலை செத்துப்போகும் என்கிறவர்கள் அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டட்டும்.

*

சரி, வந்தவர்களோடு கதைத்து முடிந்தது. இனி எங்கட ஆட்களோடு.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஆசிரியர்கள் சிலர் இருந்து கதைத்தோம். எங்கட சுவரை வெளியாள் வந்து எடுத்துப் போட்டார் என்று கோபப்படுகிறோம். எங்கட பிள்ளைகள் ஏன் எடுக்கவில்லை? யார் கையில் போன் இல்லை? ஆகவே தரம் 8, 9 பிள்ளைகளிடம் சொன்னோம். வீட்டில் தினமும் புழங்கும் ஒரு பொருள். கிட்டப் போய்ப் படம் எடுங்கள். என்ன பொருள் என்று பார்த்தவுடன் தெரியக்கூடாது. பிறகு அது என்ன, யாருடையது என்று நீங்களே சொல்ல வேண்டும்.

கமெரா வாங்கச் சொல்லவில்லை. வில்லையும் வாங்கச் சொல்லவில்லை. போனின் கமெராக் கண்ணில் ஊசி நுனியால் ஒரு சின்னத் தண்ணித் துளி வைத்து மெதுவாகக் கவிழ்த்தால் துளி விழாமல் தொங்கும். அதுவே உருப்பெருக்கி. பொருளுக்கு ஒரு விரல் அகலத் தூரம் வரை இறக்கி, கையை மேசையில் ஊன்றி, யன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். வெளிச்சம் மேலே இருந்து விழுந்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். இதை ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுத்தோம்.

வந்த படங்களைப் பார்த்து வாயடைத்துப் போனோம். சுளகின் பின்னல் ஒரு பெரிய மைதானம் மாதிரி. தேங்காய் திருவலையின் பல், மலைத்தொடர். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவரின் மகன் ஒரு தராசுத் தட்டின் துருவை எடுத்திருந்தான். செம்மண் தோட்டத்துக்கு மேல் பறந்த மாதிரி. உப்புப் பேணிக்குள் எடுத்த படத்தில் ஒவ்வொரு கல்லும் மட்டம் பிசகாத கட்டி. "ஆர் சேர் இதை வெட்டினது?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. அந்த ஒரு கேள்விக்காகவே இந்த வேலை செய்யலாம்.

ஒரு பிள்ளை கேத்தலின் உட்பக்கத்தை எடுத்திருந்தது. வெள்ளையும் பழுப்புமாகப் பொருக்குக் கட்டி, பிளந்து, மேகக் கூட்டம் மாதிரி. வகுப்பே அதை ஏதோ ஒரு கோள் என்றது. அடுத்த நாள் உம்மா வந்துவிட்டா. "ஊத்தைக் கேத்தலைப் படம் பிடிச்சு எங்கட வீட்டு மானத்தை வாங்கிறியளோ? படிப்பிக்க வேற ஒண்டும் இல்லையோ?"

அந்த உம்மாவைக் குறை சொல்லவில்லை. அகதி முகாமில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெட்கம் தெரியும். வெளியில் இருந்து வருகிற கமெரா எங்கள் பொத்தலையும் ஊத்தையையும்தான் தேடும் என்று பட்டுப் பழகிய வெட்கம் அது. ஆனால் அது ஊத்தை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. வரும்போது கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கொதிக்க வைத்தால் கல் திரும்பவும் கேத்தலில் படிகிறது. யார் வீட்டுக் கேத்தலைத் திறந்தாலும் இதுதான். உங்கள் கேத்தலுக்குள் இருப்பது எங்கட மண், ராத்தா என்று சொன்னோம். அவ சிரிக்கவில்லை. ஆனால் படத்தை எடுத்துவிடச் சொல்லவும் இல்லை.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் ஒரு படி மேலே போய் வகுப்பில் கேட்டார்: சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்தால் என்னவாகும்? பின்வாங்கில் இருந்து ஒரு பெடியன், "அப்ப சேர், கேத்தலும் அந்த நீலச் சுவரும் ஒண்டுதான்." ஒண்டுதான். இரண்டும் கல்சியம் காபனேற்று. ஒரு பொருளுக்குக் கிட்டப் போன பிள்ளை இன்னொரு வீட்டின் சுவர் வரைக்கும் வந்துவிட்டான். இதைத்தான் கிட்டப் போவது என்கிறோம்.

மற்ற ஆட்சேபணைகளுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறோம்.

"ஓ.எல். சோதனைக்கு இது வருமா?" சித்திரம் ஓ.எல். இல் ஒரு பாடம்தான், மறந்துவிட்டீர்கள். அதைவிட, ஒரு பொருளைப் பத்து நிமிடம் பார்க்கத் தெரியாத பிள்ளை வினாத்தாளையும் ஒழுங்காகப் பார்க்காது. ரியூஷனில் காட்டிக் கொடுத்ததை மட்டும் பார்க்கப் பழக்கியிருக்கிறோம். காட்டிக் கொடுக்காததைக் காண யார் பழக்குவது?

"படம் பிடிப்பது மார்க்கத்தில் கூடுமா?" உயிருள்ளவற்றின் உருவம் பற்றி ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை அவர்களிடம் விடுகிறோம். கேத்தலுக்கு உயிர் இல்லை. உருவத்தை விட்டுவிட்டுக் கோட்டிலும் கோணத்திலும் நட்சத்திரப் பின்னலிலும் அழகைத் தேடியதில் உலகத்துக்கே வழி காட்டியது முஸ்லிம் கைவினைஞர்கள்தான். ஸ்பெயினில் அல்ஹம்ப்றா மாளிகைச் சுவர்களைப் போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அரூபம் என்ற சொல்லை யாரிடமும் கடன் வாங்க வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை.

படைப்பை உற்றுப் பாருங்கள் என்று குர்ஆன் எத்தனை இடத்தில் சொல்கிறது. சூரா அல்-காஷியா ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் காட்டி, இவற்றைப் பார்க்கவில்லையா என்ற கேள்வியை எங்களிடம் வைக்கிறது. ஒட்டகம் அந்த மக்களுக்கு அன்றாடப் பொருள். அதிசயப் பொருள் இல்லை. தினமும் கண்ணுக்கு முன்னால் நிற்பதைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணில் இருந்து கதிர் போவதால் பார்ப்பதில்லை, பொருளில் இருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால் பார்க்கிறோம் என்று நிறுவியவர். கமெராவின் மூதாதையான இருட்டறையை ஆராய்ந்தவர். அவர் தன்னுடைய 'கிதாபுல் மனாழிர்' நூலில் பார்வையை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று மேலோட்டமாகக் கண்ணோட்டுவது. மற்றது நின்று ஆராய்ந்து பார்ப்பது. மேலோட்டமான பார்வைக்குப் பட்டது சரியா பிழையா என்று ஆராய்ந்து பார்த்தால்தான் உறுதியாகும் என்கிறார். அந்த மனிதரின் சந்ததியில் வந்த நாங்கள் போனில் விரலால் தட்டித் தட்டி ஒரு நிமிடத்தில் நாற்பது படத்தைக் கடந்து போகிறோம்.

"இதால் ஆருக்கு என்ன பிரயோசனம்?" இந்தக் கேள்விதான் எங்களை ஆகக் கூடச் சுட்டது. ஏனென்றால் கேட்டவர் எங்கட தெருக்காரர். காக்கா, ஒரு விஷயம் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். திரும்பி வந்து குடியேறிய எத்தனை குடும்பம் பழைய சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது? கட்டத்தான் வேண்டும், குடியிருக்க வீடு வேண்டும். ஆனால் இடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்தோமா? அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லக்கூடிய உம்மும்மாவிடம் அதைக் காட்டிக் கேட்டோமா? இன்னும் எத்தனை குடும்பங்கள் புத்தளத்திலேயே இருக்கின்றன. அவர்களுடைய வளவில் நிற்கும் சுவர் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது. 1990 இல் நாற்பது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சுவரும் போகும், சொல்கிற வாயும் போகும். அதன் பிறகு மிஞ்சப் போவது 'அரூபம்' என்று தலைப்புப் போட்ட அந்தப் படம் மட்டும்தான். எங்கட வீட்டுக்கு இருக்கும் ஒரே சாட்சி எங்கட பெயர் இல்லாத படமாக இருக்கும். பிரயோசனம் என்ன என்று கேட்டீர்கள். அந்த நிலை வராமல் பார்ப்பதுதான் பிரயோசனம்.

*

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். ஒளிக்க ஒன்றும் இல்லை.

சோனகத் தெருவுக்குக் கமெராவோடு வருகிறவர்களே, வாருங்கள். தடுக்க மாட்டோம். சுவருக்கு ஒரு சாண் தூரம் இல்லை, ஒட்டிக்கொண்டே எடுங்கள். அழகு இருந்தால் அழகு என்றே சொல்லுங்கள். உடைந்த வீட்டில் அழகைக் காண்பது பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ராத்தாவே சொன்னா, "படம் வடிவுதான், எங்கட அறை அவ்வளவு வடிவாக இருந்தது எனக்கே தெரியாது" என்று. ஆனால் ஒரு படம் கிட்ட எடுத்தால் இன்னொரு படம் பத்தடி தள்ளி நின்று எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்து வளவில் கேளுங்கள். வீட்டுக்காரர் பெயர் போட வேண்டாம் என்றால் போட வேண்டாம். தெருவின் பெயரும் வருஷமும் போதும். அந்த ஒரு வரியால் உங்கள் படத்தின் நீலம் மங்காது.

பெற்றோரே, பிள்ளை வீட்டுக்குள் போனைத் தூக்கிக்கொண்டு அம்மியையும் கேத்தலையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஏச வேண்டாம். இது யாருடையது, எங்கே வாங்கினது, புத்தளத்துக்குக் கொண்டு போனதா, அங்கிருந்து கொண்டு வந்ததா என்று அது கேட்கும். பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் உம்மும்மாவிடம் அனுப்புங்கள்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் எடுத்த படங்களைப் பாடசாலைச் சுவரில் ஒட்டப் போகிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு படம், கிட்ட ஒன்று, தூர ஒன்று. கீழே மூன்று வரி: என்ன, யாருடையது, என்ன கதை. அடுத்ததாக மழை தொடங்க முதல் தெருவில் மிஞ்சி நிற்கும் பழைய சுவர்களையும் இதே மாதிரி எடுக்க வேண்டும். புத்தளத்தில் இருக்கும் எங்கட ஆட்களே, உங்கள் வளவு எது என்று அடையாளம் சொன்னால் பிள்ளைகள் போய் எடுத்து அனுப்புவார்கள். ஆணி எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பது வரை ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதுங்கள்.

அந்த ராத்தாவை முதல் ஆளாகக் கேட்டோம். தன்னுடைய சுவருக்கு மூன்று வரி எழுதித் தந்துவிட்டா. படத்தோடு பிறகு போடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

பகிருங்கள். முக்கியமாக, அந்த நீலச் சுவருக்கு லைக் போட்டவர்கள் யாராவது உங்கள் நண்பர் பட்டியலில் இருந்தால் அவர்களுக்கு.